உழைப்பு ஓய்ந்த வீட்டிற்கு மருத்துவக் காப்பு

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

வெள்ளி விழா மேடையில் ஒரு தலைமையாசிரியர் பேச எழுந்தால், தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் உதவித்தொகையைப் பற்றியும் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பேச அறிஞர் பலர் வந்துள்ளனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. உடல் முடங்கி வேலை செய்ய இயலாது போன ஒருவருக்கு, வருவாயும் இல்லாத நிலையில், மருத்துவக் காப்பு எங்கே கிடைக்கும். அதை எவ்வாறு அடைவது என்பதே அப்பொருள். கல்விச் சங்கத்தின் மேடையில் இதைப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு விடையாக, நாம் நேரில் கண்ட ஒரு குடும்பத்தின் நிலையை முதலில் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டா.

அவர் நம்மிடம் பயின்ற மாணவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சித்தாளாகச் சேர்ந்து, நாளடைவில் நல்ல கொத்தனார் என்று பெயரெடுத்தவர். ஒரு நாள் சாரம் சரிந்து விழுந்தார். முதுகுத் தண்டுவடம் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி அற்றுப்போயிற்று. வேலை கொடுத்த ஒப்பந்தக்காரர் முதல் நாள் சிறு தொகை கொடுத்தார். மறுநாள் முதல் அவரைக் காணவில்லை. அருகிலிருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று அங்கே கேட்டார்கள். இல்லை. குடும்ப அட்டை இருந்தது, ஆதார் இருந்தது. ஆனால் வருமானச் சான்று வாங்கவும் அட்டைக்குப் பதியவும் இரண்டு நாள் கூலியை இழக்க வேண்டுமே என்று ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போட்டிருந்தார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தார், அதையும் புதுப்பிக்கவில்லை. மருத்துவமனையில் சேர்ந்த பின்னரும் சான்றைப் பெற்றுப் பதிவு செய்ய முயலலாம் என்பதை எடுத்துச் சொல்ல அங்கே எவரும் இல்லை.

மூன்று வாரம் கழித்து அவரை வீட்டிற்குக் கொண்டுவந்தபோது, மனைவியின் காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை. வட்டிக்கு வாங்கிய கடன் மட்டும் இருந்தது. படுத்த படுக்கையில் முதுகிலே புண் வந்தது. மனைவி கூலி வேலைக்குச் சென்றார். ஏழாம் வகுப்பில் படித்த மகள் தந்தைக்குத் துணையாக வீட்டில் நின்றாள். பத்தாம் வகுப்பில் படித்த மகன் வட்டி கட்டுவதற்காகத் தேநீர்க் கடைக்குச் சென்றான். வருகைப் பதிவேட்டில் அவ்விருவருக்கும் தொடர்ந்து விழுந்த குறிகளைப் பார்த்த பின்னரே நாம் அவ்வீட்டிற்குச் சென்றோம். காலம் கடந்து சென்றோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அதன் பிறகு ஊர் இளைஞர் இருவர் துணையோடு வருமானச் சான்று பெற்றோம். காப்பீட்டு அட்டை பெற்றோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்தோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படுக்கைப் புண்ணுக்கு அறுவை மருத்துவம் நடந்தது. அதற்குக் காசு கேட்கப்படவில்லை. மகள் பள்ளிக்குத் திரும்பினாள். மகன் திரும்பவில்லை. கடன் அவனை விடவில்லை.

தோழர்களே, இந்தக் காரணத்தால்தான் இப்பொருள் கல்விச் சங்கத்திற்கு உரியதாகிறது. சங்கம் ஆண்டுதோறும் நூல் வழங்குகிறது. மாலை வகுப்பு நடத்துகிறது. ஆயினும் வீட்டில் உழைத்தவர் ஒருவர் விழுந்துவிட்டால், இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் பயன் ஒரு மாத மருத்துவச் செலவில் கரைந்துவிடுகிறது. நிலமோ சேமிப்போ உள்ள குடும்பம் அத்தகைய அடியைத் தாங்கும். நம் வீடுகளிற் பலவற்றிற்கு உழைக்கும் உடலே நிலம், அதுவே சேமிப்பு.

இதற்கு ஏற்பாடு வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்தவர் அண்ணல் அம்பேத்கர். அக்காலத்தில்தான், 1943ஆம் ஆண்டில், தொழிலாளருக்கான நோய்க் காப்பீட்டைப் பற்றி ஆராய்ந்து திட்டம் வகுக்கும் பணி பேராசிரியர் அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944இல் அவர் அறிக்கை அளித்தார். அதன் வழியே 1948இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1952இல் கான்பூரில் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. நாம் இ.எஸ்.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வது இதனையே.

அத்திட்டத்தில் பலர் அறியாத ஒரு நற்கூறு உண்டு. காப்பீடு பெற்ற தொழிலாளி ஒருவர் நிரந்தர உடல் முடக்கத்தால் வேலையை இழந்தாலும், ஓய்வு பெறும் வயது வரும் வரை தமக்கும் தம் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ உதவியைத் தொடர்ந்து பெற அதன் விதிகள் வழிசெய்தன. அதற்காக விதித்த தொகை மாதம் பத்து ரூபாய் என்ற கணக்கில் ஓராண்டிற்கு 120 ரூபாய். ஆலையில் விபத்துற்று வீட்டில் இருப்போர் நம்மிடையே இருந்தால், தமது பழைய காப்பீட்டு எண்ணோடு இ.எஸ்.ஐ. அலுவலகம் சென்று இவ்வுரிமையைக் கேட்டல் வேண்டும். வேலை போயிற்று, ஆதலால் அட்டையும் போயிற்று என்று தாமாகவே முடிவு செய்துவிடக் கூடாது.

ஆனால் இச்சட்டம் ஆலைக்குள்ளும் பதிவுபெற்ற நிறுவனங்களுக்குள்ளும் இருந்தவரையே காத்தது. வயலிலும் சாரத்திலும் சாக்கடையிலும் உழைத்த நம்மவர் வெளியே நின்றனர். அவர்களுக்காக அரசியலமைப்புச் சட்டத்தின் 41ஆம் உறுப்பு பேசுகிறது. வேலையின்மை, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமைக்கு, தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு, அரசு வழிவகை செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். இது நெறிமுறைக் கோட்பாடு ஆதலின், இதை மட்டும் காட்டி நேரே வழக்குத் தொடர இயலாது. எனினும் 1996இல், மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் அவசர மருத்துவம் அளிக்கத் தவறுவது 21ஆம் உறுப்பு காக்கும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்கத்தாவில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இடமில்லையென்று திருப்பப்பட்ட ஒருவருக்காகக் கேட்கப்பட்ட நீதி அது.

அதன் பின் வந்தது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. புதிய சட்டம் இருபத்தொன்றை ஏற்கிறது. அதன் 25ஆம் பிரிவு, அரசு வகுக்கும் வருமான வரம்பிற்கு உட்பட்டு, வாழிடத்திற்கு அருகிலேயே, குறிப்பாகச் சிற்றூர்களில், இலவச மருத்துவ வசதி அளிக்க வேண்டும் என்கிறது. 24ஆம் பிரிவு, வேறு அரசுக் காப்பீடு எதிலும் சேராத மாற்றுத்திறனாளிகளுக்கு விரிவான காப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்கிறது. ஆகவே நாம் ஓர் அலுவலகத்தின் முன் நிற்கும்போது இரந்து நிற்கவில்லை. சட்டம் சொன்னதைக் கேட்டு நிற்கிறோம்.

இனி, கையில் காசில்லாத குடும்பத்திற்கு இன்று திறந்திருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவதும் முதன்மையானதும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் உயிர்காக்கும் உயர் மருத்துவத்திற்கான காப்பீடு தமிழகத்தில் தொடங்கிற்று. 2012 சனவரியில் இன்றைய பெயரில் விரிவான திட்டம் வந்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்த பின், குடும்பம் ஒன்றிற்கு ஓராண்டுக் காப்புத் தொகை ஐந்து இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு, 2022இல் தொடங்கிய காலப்பகுதிக்கு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்டணத்தை அரசே செலுத்துகிறது. குடும்பம் செலுத்துவது ஒன்றுமில்லை. உடல் ஏற்கெனவே குறையுற்றிருக்கிறதே என்று கூறி எவரையும் ஒதுக்குவதில்லை. குடும்ப அட்டையும், ஆதாரும், வருவாய்த் துறையின் வருமானச் சான்றும் கொண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் அட்டை பெறலாம். ஐயமோ முறையீடோ இருப்பின் 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இக்காப்பு தனி மனிதருக்கு உரியதன்று, குடும்பத்திற்கு உரியது. உழைக்க இயலாதவர் தாமாகக் கட்டணம் செலுத்தி உறுப்பினராக வேண்டியதில்லை. குடும்ப அட்டையில் அவர் பெயர் இருத்தல் வேண்டும். ஆகவே வீட்டில் முடங்கிக் கிடக்கும் அண்ணனின் பெயரையோ, மனவளர்ச்சி குன்றிய தங்கையின் பெயரையோ, எதற்கு என்று அட்டையில் சேர்க்காமல் விடுவது அவர்களின் மருத்துவத்தையே மறுப்பதாகும்.

இரண்டாவதாக, இக்காப்பீடு எதைத் தராது என்பதையும் அறிதல் வேண்டும். இது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் மருத்துவத்திற்கும் அறுவைக்கும் உரியது. ஆனால் உடல் முடங்கியவரின் செலவு மருத்துவமனையோடு முடிவதில்லை. புண்ணுக்குக் கட்டு, சிறுநீர்க் குழாய், அன்றாட மாத்திரை, இயன்முறைப் பயிற்சி, போகவர வண்டிச் சத்தம் என்று நாள்தோறும் தொடர்வது. அந்தச் சிறு செலவுகளே வீட்டை அரிக்கின்றன. இவற்றிற்குத் துணை அரசு ஆரம்ப சுகாதார நிலையம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மருந்தும், இயன்முறைப் பயிற்சியும், படுக்கையில் உள்ளோர்க்கான நோய்த் தணிப்புப் பணியும் வீட்டிற்கே வருகின்றன. நம் தெருவில் படுக்கையில் இருப்பவர் இன்னார் என்று சுகாதார நிலையத்திற்கு நாம் சொன்னால்தான் அவர்கள் அந்த வாயிலுக்கு வருவார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சக்கர நாற்காலி முதலிய கருவிகளுக்கும், கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது, பிறவியிலேயே குறையோடு வந்த பிள்ளைகளுக்கு உரிய வழி. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளை, ‘நிராமயா’ என்னும் காப்பீட்டை நடத்துகிறது. புற உலகோடு ஒன்றாத ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கும் உரியது இது. ஓராண்டுக் காப்பு ஒரு இலட்சம் ரூபாய் வரை. முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. புற நோயாளி மருத்துவத்திற்கும், மருந்துக்கும், தொடர் பயிற்சிக்கும் உதவுவதே இதன் சிறப்பு. ஆனால் முதலில் நாம் செலவிட்டு, பின்னர் சீட்டுகளைக் காட்டித் திரும்பப் பெறும் முறையாதலால், ஒவ்வொரு சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

நான்காவது, துப்புரவுத் தொழிலில் உள்ள நம்மவர்க்கு உரியது. கழிவுநீர்க் குழியிலும் மலக்குழியிலும் பணிபுரிவோரைக் கணக்கெடுத்து, அவர்களின் குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் காப்பீடு அளிப்பதை 2023இல் தொடங்கிய ‘நமஸ்தே’ திட்டம் ஏற்றுள்ளது. கணக்கெடுப்பில் பெயர் இல்லையேல் காப்பும் இல்லை. தொழிலைச் சொல்லக் கூசிப் பெயரைக் கொடாதிருப்போர் உண்டு. அக்கூச்சம் இழைக்கப்பட்டவருக்கு உரியதன்று. இழைத்த சமூகத்திற்கு உரியது. பெயரைக் கொடுங்கள்.

ஐந்தாவது, இன்று நலமாக உழைத்துக் கொண்டிருப்போர்க்கு. நல வாரியப் பதிவு ஒன்று. பிரதமரின் விபத்துக் காப்பீடு மற்றொன்று. 2015இல் ஆண்டிற்கு 12 ரூபாயோடு தொடங்கி, 2022 சூன் முதல் 20 ரூபாயானது. 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள எவரும் சேரலாம். விபத்தால் இறப்போ முழு ஊனமோ நேர்ந்தால் இரண்டு இலட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்திற்கு ஒரு இலட்சம். இவையெல்லாம் விழுவதற்கு முன் செய்ய வேண்டியவை. விழுந்த பின் இவற்றின் கதவு திறவாது. நாம் முதலிற் சொன்ன கொத்தனார் வீட்டில் 20 ரூபாய் இருந்தது, சொல்வார் இல்லை.

தனியார் காப்பீட்டைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். 2023இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு காப்பீட்டை நிறுவனங்கள் வைத்தே தீரவேண்டும் என்று ஆணையிட்டது. நல்லதுதான். ஆனால் அதன் கட்டணம் வருவாயற்ற வீட்டால் தாங்கக்கூடியதன்று. மேலும் முன்னரே உள்ள நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்கச் சொல்லவும் விதிகள் இடம் தருகின்றன. முகவர் நீட்டும் தாளில் கையொப்பம் இடுமுன், படித்த பிள்ளை ஒருவரை முழுவதும் படித்துச் சொல்லச் செய்யுங்கள்.

இவ்வளவு வழிகள் இருந்தும் ஏன் அந்த வீடு கடனில் மூழ்கிற்று? அரசு அலுவலகம் காலை பத்து மணிக்குத் திறக்கிறது; கூலி வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. படுக்கையில் உள்ளவர் மருத்துவக் குழுவின் முன் செல்ல வாடகை வண்டி வேண்டும். ஒரு சான்றுக்கு மூன்று முறை அலைய வேண்டும். இவை அரசு திருத்த வேண்டிய குறைகள். எழுந்து வர இயலாதவரின் வீட்டிற்கே மருத்துவக் குழுவும் பதிவு முகாமும் வர வேண்டும் என்று நம் சங்கம் தீர்மானம் இயற்றி மாவட்ட ஆட்சியரிடம் அளித்தல் வேண்டும். காப்பீடு புற நோயாளி மருத்துவத்திற்கும் விரிய வேண்டும் என்று கேட்டல் வேண்டும். கேளாத உரிமை ஏட்டிலேயே கிடக்கும்.

ஆனால் அரசு திருந்தும் வரை நாம் கைகட்டி இருத்தலாகாது. இளைஞர்களே, உங்களிடம் மூன்று பணிகளை ஒப்படைக்கிறோம்.

ஒன்று: இவ்விழா முடிந்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாகச் செல்லுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் குடும்ப அட்டையில் எத்தனை பெயர், வருமானச் சான்று உண்டா, காப்பீட்டு அட்டை உண்டா, வாரியப் பதிவு எந்த நாளோடு முடிகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இல்லாதவர் பட்டியலே உங்கள் வேலைத் திட்டம்.

இரண்டு: படுக்கையில் உள்ளோர் ஒவ்வொருவருக்கும் ஓர் இளைஞர் பொறுப்பேற்க வேண்டும். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதும், மருத்துவக் குழுவின் முன் அழைத்துச் செல்வதும், சீட்டுகளைக் கோத்து வைப்பதும் அவர் கடமை. இதற்குப் பட்டம் வேண்டியதில்லை, பொறுமை போதும்.

மூன்று: எவரேனும் விழுந்தார் என்ற செய்தி வந்தால், வட்டிக்காரர் வாயிலுக்குப் போகுமுன் அவ்வீட்டார் சங்கத்திற்கு வருமாறு செய்யுங்கள். அரசு மருத்துவமனையா, காப்பீடு ஏற்கும் தனியார் மருத்துவமனையா என்பதை முதல் மணி நேரத்திலேயே முடிவு செய்ய உடன் செல்லுங்கள். சாலை விபத்தாயின், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி முதல் 48 மணி நேர மருத்துவம் காப்பீட்டு அட்டை இல்லாதார்க்கும் இலவசம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

பண்டித அயோத்திதாசர் சித்த மருத்துவராக விளங்கியவர். பள்ளிகள் தோன்றவும் பாடுபட்டவர். 1907இல் இதழ் தொடங்கி எழுத்தால் விழிப்பூட்டியவர். நோய் தீர்த்தலையும் எழுத்தறிவித்தலையும் அப்பெரியார் இரண்டாகப் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்த்தவர்கள் நாம். அக்கொத்தனார்க்கு நாம் எட்டாண்டு பாடம் சொன்னோம். பாட்டும் கணக்கும் கற்பித்தோம். ஒரு விண்ணப்பம் எழுதவும், தமக்குரிய அட்டையைக் கேட்டுப் பெறவும் கற்பிக்கவில்லை. அப்பிழையை இனி நம் பள்ளியில் செய்வதில்லை என்று உறுதி கொண்டோம். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு அட்டைகளின் விவரத்தை எழுதிக் கொண்டுவருவது இப்பொழுது அங்கே வீட்டுப் பாடங்களுள் ஒன்று.

அந்தப் பையன் இன்னும் தேநீர்க் கடையில்தான் இருக்கிறான். தனித் தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுமாறு சொல்லியிருக்கிறோம். மாலை வகுப்பிற்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு ஓர் இடம் வைத்திருங்கள். அவனைப் போல் இன்னொரு பிள்ளையின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்காதிருக்க, வரும் ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டோடு புறப்படுங்கள்.